கேட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி

மார்ச் 4, செவ்வாய்

கட்டளைக்கு இன்றும் பெயர் அமையவில்லை. காலையில் ‘ஷோ’ என்று வைத்தேன். டீ குடித்துவிட்டு வந்து ‘லிஸ்ட்’ என்று மாற்றினேன். மதியம் ‘குவெரி’. சாயங்காலம் மறுபடி ‘லிஸ்ட்’. பெற்ற பெண்ணுக்குப் பெயர் வைக்கக்கூட இத்தனை தடவை எழுந்து உட்காரவில்லை நான்.

எங்கள் மென்பொருள் என்ன செய்கிறது என்று குட்டிக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். ஒரு பெரிய கம்ப்யூட்டர், அதற்குள் பல சின்னக் கம்ப்யூட்டர்கள் இருப்பதுபோல் ஒரு நடிப்பு, ஒவ்வொன்றும் தான் தனி வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் என்று. “அதுங்ககிட்ட பொய் சொல்றீங்களாப்பா?” என்றாள். ஏழு வயசுக்கு நல்ல கேள்விதான். ஆபீஸில் நாங்கள் பெரியதை வீட்டுக்காரர் என்போம், உள்ளே இருப்பதைக் குடித்தனம் என்போம். வீட்டுக்காரரின் செயலிக்கு, அதாவது உள்ளே கணக்குப் போடுகிற சில்லுக்கு, என்னென்னவோ திறன்கள் உண்டு. வேகமாகப் பெருக்கும், பூட்டுப் போட்டு எழுதும். அதில் எதெது எந்தக் குடித்தனத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்ல ஒரு கட்டளை வேண்டும். அது என் தலையில் விழுந்திருக்கிறது. விழுந்திருக்கிறது என்று எழுதுகிறேனே தவிர, நானாகத்தான் கேட்டு வாங்கினேன்.

சின்ன வேலை மாதிரி தெரியும். ஆனால் குடித்தனத்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாற்றுவார்கள். போகிற இடத்தில் அதற்கு வேண்டிய திறன் இல்லையென்றால் போன கையோடு செத்து விழும். ஆகவே மாற்றும் முன் கேட்பார்கள், என் கட்டளை சொல்வதை நம்பி மாற்றுவார்கள். வெளியீடு ஜூனில்.

வீட்டிலும் அதே பேச்சுத்தான், இடம் மாறுவது. குட்டியின் அம்மாவுக்கு வேலைக் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. இங்கே இருக்கிற ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இவளுக்கு மேலே ஏறப் படியே இல்லை. அங்கே துறையில் இரண்டாவது ஆள். வேறு ஊர், ஒரு பகல் முழுக்கப் பயணம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். “நீ வருவியா?” என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

“உன் ‘பார்க்கலாமு’க்கு என்ன அர்த்தம்னு கண்டுபிடிக்க முதல்ல ஒரு கட்டளை எழுது.”

சிரித்தோம். அவள் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டாள்.

மார்ச் 5, புதன்

‘லிஸ்ட்’. இனி மாற்றப் போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் வழக்கம் இது: நிரலில் ஒரு வரி எழுதும் முன், கட்டளையிடம் என்ன கேட்கலாம், அது என்ன பேசும் என்று எழுதி எல்லோருக்கும் மெயில் அனுப்ப வேண்டும். யாரும் குறை சொல்லலாம். ஒரு தடவை வெளியே போன கட்டளையின் பேச்சை அப்புறம் மாற்ற முடியாது. முகம் தெரியாத யாரோ எங்கேயோ உட்கார்ந்து அதை நம்பித் தன் நிரலை எழுதியிருப்பான். அவன் தலையில் கல்லைப் போட முடியாது.

நேற்று அனுப்பினேன். என் வடிவம் எனக்கே பிடித்திருந்தது. குடித்தனத்தின் பெயரைக் கொடுத்தால், அதற்கு இருக்கிற திறன்களை வரிசையாகச் சொல்லும், அவ்வளவுதான். இருப்பதைச் சொல், சொல்லாதது இல்லை. மேனேஜர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே படித்துவிட்டு, “ஒரே திரையில அடங்குது. இதுதான் எனக்கு வேணும்” என்றார்.

அப்புறம் முள்.

முள் என்று நான் பெயர் வைத்திருப்பவள் எங்கள் இன்னொரு கிளையில் இருக்கிறாள். நேரில் பார்த்ததில்லை. அவள் சரி என்று சொல்லாமல் எதுவும் உள்ளே போகாது. என் ஒரு பக்க மெயிலுக்கு அவள் பதில் மூன்றே வரி: “பட்டியலில் ஒரு திறன் வரவில்லை. அது செயலியிலேயே இல்லையா, நாம் தடுத்துவிட்டோமா, இல்லை அந்தப் பெயரே நமக்குத் தெரியாதா? மூன்றுக்கும் ஒரே மௌனமா?”

மௌனமாம். கட்டளை என்ன காதலியா, மௌனத்துக்கு அர்த்தம் தேட. இருப்பது வந்தால் போதாதா? பதில் எழுத உட்கார்ந்தேன், எழுந்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன். பக்கத்து இருக்கைக்காரர், “எங்கயாவது ஓடப் போறீங்களா?” என்று கேட்டார்.

மார்ச் 10, திங்கள்

சாப்பிடும்போது அவள் போனில் வீட்டுப் படங்கள் காட்டினாள். அந்த ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் இரண்டு வீடு. ஒன்றில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. “நீ இங்க உக்காந்து வேலை பாக்கலாம்ல?” என்றாள்.

சமையலறைக் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் அதைப் பிரித்துவிட்டேன். வாஷர் மாற்றி, மறுபடி மாட்டி, துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் போனை வைத்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“குழாய் சரியாயிடுச்சு” என்றேன்.

“நல்லதுங்க” என்றாள். கோபம் வந்தால்தான் அவளுக்கு நான் ‘ங்க’. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள்.

நான் என்ன வேண்டாம் என்றா சொன்னேன்? ரிலீஸ் முடியட்டும் என்கிறேன். தலைக்கு மேல் வேலை இருக்கும்போது படம் காட்டினால் நான் என்ன சொல்வது?

மார்ச் 13, வியாழன்

முள்ளுக்குப் பதில் எழுதி அழித்தேன். மறுபடி எழுதினேன், கொஞ்சம் மரியாதையாக. அதையும் அழித்தேன்.

மார்ச் 15, சனி

கடைசியில் அனுப்பியது: “கட்டளை எளிமையாக இருக்க வேண்டும். கேட்பவருக்கு இருப்பது தெரிந்தால் போதும்.” மேனேஜரும் ஒத்து ஊதினார். முள், “சோதனைக்கு விட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்” என்று ஒதுங்கிக்கொண்டாள். ஜெயித்துவிட்டேன் போல. அப்படியானால் ஏன் இருப்புக் கொள்ளவில்லை?

சனிக்கிழமை. குட்டியை நீச்சலுக்குக் கூட்டிப் போக வேண்டியது நான். அவள் கூட்டிப் போனாள்.

மார்ச் 19, புதன்

மூக்கு உடைந்த நாள்.

எங்கள் மென்பொருளை வாங்க யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு வானிலை நிலையம், அவர்களுடைய கணக்கு எந்திரத்தின் நகல் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறது. நாளைக்கு மழையா என்று பார்க்கிற நிரல். ஓயாமல் பெருக்கிக்கொண்டே இருக்கும். இன்று அதை ஒரு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டத்திலேயே மாற்றிக் காட்ட வேண்டும். அவர்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். லேப் அக்கா எந்திரங்களையெல்லாம் தயாராக வைத்திருந்தார். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன்.

மாற்றும் நிரல் என் கட்டளையைக் கேட்டது. பட்டியல் வந்தது. ஒரே திரையில் அடங்கியது. பட்டியலில் உள்ளதெல்லாம் புது வீட்டிலும் இருந்தது. மாற்றினோம். கொஞ்ச நேரம் ஓடியது, நானும் சிரித்துக்கொண்டே திரும்பினேன். செத்து விழுந்தது. மறுபடி எழுப்பினோம், மறுபடி விழுந்தது.

“மழை நின்னுடுச்சு போல” என்றார் வந்தவர்களில் ஒருவர். நல்ல மனுஷன், கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

மாலைவரை தோண்டியதில் தெரிந்தது. அந்தக் குடித்தனத்துக்கு வீட்டுக்காரரின் செயலியை அப்படியே தூக்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு புதுத் திறன், பெருக்கலில் ஒரு குறுக்குவழி. அது முதலில் இருந்த வீட்டில் ஓடியது எங்கள் மென்பொருளின் பழைய பதிப்பு. அதற்கு அந்தத் திறனின் பெயரே தெரியாது. பெயர் தெரியாததால் என் கட்டளை அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாய் திறக்காததை மாற்றும் நிரல் ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டது. அந்தத் திறன் இல்லாத பழைய செயலி இருக்கிற வீட்டுக்குக் குடித்தனத்தைக் கூட்டிக்கொண்டு போய் விட்டது. நான் சொல்லிக் கொடுத்தபடிதானே செய்தது. சொல்லாதது இல்லை.

முள் கேட்ட மூன்றாவது கேள்வி. அப்படியே, எழுத்துப் பிசகாமல்.

மார்ச் 21, வெள்ளி

முள்ளைப் போனில் கூப்பிட்டேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. குரல் மெல்லிசாக இருந்தது, பின்னால் ஏதோ பிரஷர் குக்கர் சத்தம். திட்டு வாங்கத் தயாராகத்தான் கூப்பிட்டேன். அவள், “வானிலைக்காரங்க ரொம்ப வருத்தப்பட்டாங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள். அப்புறம்தான் வேலை.

“பட்டியல் வேண்டாங்க. பேர் சொல்லிக் கேக்கட்டும். கேட்ட ஒவ்வொரு பேருக்கும் ஒரு வரி பதில் வரணும். இருக்கு, இல்ல, தெரியாது. ஒரு பேரையும் விட்டுடக் கூடாது.”

“தெரியாதுன்னு ஒரு கட்டளை சொன்னா நல்லாவா இருக்கும்?”

“தெரியாதுன்னு மட்டும் சொல்லி நழுவ விடாதீங்க. ஏன் தெரியாதுன்னும் சொல்லட்டும். நான் பழைய பதிப்பு, இந்தப் பேரை நான் கேள்விப்பட்டதில்லைன்னு சொல்றதுல என்ன வெட்கம்?”

போனை வைத்த பிறகு இரண்டு பக்கம் எழுதினேன், நிற்காமல். கை வலித்தது. வெகு நாளைக்குப் பிறகு நாற்காலியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அவள் ஏதோ பேச வந்தாள், நான் இந்த மூன்று பதில்களைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். கேட்டுக்கொண்டாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

மார்ச் 25, செவ்வாய்

மேனேஜருடன் மல்லுக்கட்டு. அவருக்கு ‘தெரியாது’ பிடிக்கவில்லை. “காசு கொடுக்கிறவன் தெரியாதுன்னு கேக்கவா கொடுக்கிறான்? சந்தேகம்னா இல்லைன்னு சொல்லிடு, பத்திரம்.”

“அது பத்திரம் இல்ல சார். பதில் வரலைங்கிறதும் இல்லைங்கிறதும் வேற வேற. பதில் வராததை நாமளா இல்லைன்னு எடுத்துக்கிட்டா, அதுக்கப்புறம் நடக்கிறதுக்கெல்லாம் நாமதான் பொறுப்பு.” மேஜையைக்கூடத் தட்டினேன் போலிருக்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, சரி என்றார்.

என்ன ஒரு பேச்சு. எனக்கே கைதட்டலாம் போல இருந்தது.

மார்ச் 26, புதன்

பெயரையும் மாற்றிவிட்டேன். ‘குவெரி’.

மார்ச் 29, சனி

காலையிலிருந்து ஒரே யோசனை. போவோமே. ஏன் போகக் கூடாது? இந்த ஊரில் எனக்கு என்ன, வேர் விட்டா கிடக்கிறது? மாடிப்படிக்குக் கீழே அறை. இத்தனை நாள் கழித்தும் அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவில்லை.

கடைசித் தேதி திங்கள். நாளைக்கு நிதானமாகச் சொல்கிறேன். ஒரு கேக் வாங்கி வந்து சொன்னால் என்ன? இன்று அவளுக்கு டூட்டி, களைத்து வருவாள்.

மார்ச் 30, ஞாயிறு

கேக்கை மேஜையில் வைத்தேன். “யாருக்குப் பொறந்த நாள்?” என்று கேட்டாள். ஒருத்தருக்கும் இல்லை, ஒரு விஷயம் சொல்லணும், நாம போகலாம், நீ அந்த வேலையை ஒத்துக்கோ என்றேன். ஒரே மூச்சில். சொல்லும்போது எனக்கே நெஞ்சு அடித்துக்கொண்டது, சந்தோஷத்தில்.

அவள் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

“வெள்ளிக்கிழமையே போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. எந்த வேலையை என்றேன். முட்டாள்தனமாக. எந்த வேலை!

“நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே?”

“வேணும்னும் சொல்லலையே. ஒரு மாசமா தினம் சாப்பிடும்போது உங்க மூஞ்சியைப் பாக்கிறேன். ஒண்ணும் வரல. சரி, இல்லைன்னு எடுத்துக்கிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க?”

“திங்கக்கிழமை வரைக்கும் டைம் இருந்துச்சு—”

“அவங்களுக்கு அடுத்த ஆள் காத்துக்கிட்டு இருக்காங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் இழுத்துட்டு வேண்டாம்னு சொல்றது எனக்குப் பிடிக்கல. நான் உங்களை மாதிரி இல்ல.”

இப்பவே போன் பண்ணி மாத்திச் சொல்லேன் என்றேன். கெஞ்சினேன் என்றே எழுதலாம். “ரெண்டு நாள்ல மாத்திப் பேசுற ஆளா என்னை ஆக்காதீங்க” என்றாள். குட்டி வந்து, கேக் எதுக்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றோம் இரண்டு பேரும். குட்டிக்கு ஒரு துண்டு அவள் வெட்டிக் கொடுத்தாள். மீதி அப்படியே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மேஜையைத் தட்டியவன் நான்தான். பதில் வரலைங்கிறதும் இல்லைங்கிறதும் வேற வேற. ஒரு மெஷினுக்காக என்ன நியாயம் பேசினேன்! அதே வாயை வீட்டில் எங்கே வைத்துவிட்டு வந்தேன்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கு. அவ மேல கோபப்படக்கூட முடியல. அவ என்ன தப்பு பண்ணா? நான் ஒண்ணும் சொல்லல. அவ முடிவெடுத்தா.

மார்ச் 31, திங்கள்

கடைசித் தேதி. ஒன்றும் நடக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

எல்லாம் ‘ங்க’. “சாப்பிடறீங்களா”, “சாவி எடுத்துக்கிட்டீங்களா”. சண்டை இல்லை. சண்டை போட்டால் தேவலை.

வேலையிலும் மனசு ஒட்டவில்லை. கட்டளையின் விளக்கவுரை எழுத வேண்டும். “இக்கட்டளை கேட்கப்பட்ட எந்தப் பெயரையும் பதிலின்றி விடாது” என்று எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வராந்தாவில் நடந்தேன். மறுபடி வந்து பார்த்தேன். வரி சரியாகத்தான் இருந்தது.

முள்ளிடமிருந்து ஒரு மெயில்: “மூன்றாம் பதிலுக்கு எத்தனை காரணங்கள்? எழுதி அனுப்புங்கள்.” காரணங்கள். அதை யோசிக்கத்தான் எனக்கு வாய்க்கவில்லை, இங்கேயும் வீட்டிலும்.

ஏப்ரல் 5, சனி

குட்டி நீச்சலில். நாங்கள் இரண்டு பேரும் குளத்தின் ஓரத்துப் படியில் உட்கார்ந்திருந்தோம். சத்தமும் தண்ணீருமாக இருந்ததால் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

நானாகச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. “பயமா இருந்துச்சு” என்றேன். அங்கே எனக்கு ஆபீஸ் இல்லை, லேப் இல்லை, ஒரு மூலையில் உட்கார்ந்து கூட்டத்துக்குத் திரையில் முகம் காட்டுகிற ஆளாகிவிடுவேன். கொஞ்ச நாளில் மறந்துவிடுவார்கள். நாற்பத்திரண்டு வயசில் உன் புருஷன் என்று மட்டும் அறிமுகமாகிற ஆள். பயம் என்று சொல்ல வெட்கம். அதனால் ரிலீஸ் ரிலீஸ் என்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன்.

அவள் தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். ஒருவேளை நான் ஜெயிச்சிருப்பேன். இல்ல நீங்க ஜெயிச்சிருப்பீங்க. சண்டை போட எதிர்ல ஒரு ஆள் வேணும்ல? நான் சுவத்துக்கிட்டயா சண்டை போடறது?”

அவள் கண் கலங்கி நான் பார்த்தது ரொம்பக் குறைவு. குளோரின் என்றாள்.

“இப்பச் சொல்றேன். எந்த ஊர்ல, எந்த வேலைன்னாலும் நான் வர்றேன். நீ கேட்டாலும் கேக்காட்டியும்.”

“கேட்டுக்கிட்டேன்” என்றாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். இதுவரை நம்பும்படி நான் ஒன்றும் செய்யவில்லை.

ஏப்ரல் 9, புதன்

மேனேஜரிடம் கேட்டேன். வேறு ஊரிலிருந்து வேலை பார்க்க விடுவீர்களா?

“பாக்கலாம்.”

இந்த வார்த்தை எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்க இப்படியா இருக்கும்? “சார், விடுவீங்களா, மாட்டீங்களா, தெரியலையா? தெரியலைன்னா ஏன் தெரியலை?”

சிரித்துவிட்டார். “நீ உன் கட்டளை மாதிரியே பேச ஆரம்பிச்சுட்டய்யா. சரி. தெரியலை. ஏன்னா நான் இன்னும் மேல கேக்கல. அடுத்த செவ்வாய்க்குள்ள கேட்டுச் சொல்றேன்.”

இதைவிடத் தெளிவான பதிலை அவரிடமிருந்து நான் வாங்கியதே இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

விடுவார்கள். மாதம் ஒருமுறை இங்கே வந்து சில நாள் தங்க வேண்டும். ஆனால் அடுத்த பதிப்பில் செயலிப் பகுதிக்குத் தலைமை வேறொருவருக்கு. “இங்க இல்லாத ஆளை வெச்சுக்கிட்டு முடியாதுப்பா” என்றார் மேனேஜர். நியாயம்தான். அந்தத் தலைமைக்காகத்தானே இந்தக் கட்டளையையே கேட்டு வாங்கினேன்.

சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு இரவு தூங்கி யோசிக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

வீட்டில் அவளிடம் இரண்டையும் சொன்னேன், விட்டது எது என்பது உட்பட. ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் எந்த வேலைக்கும் இன்னும் போடலையே. அதுக்குள்ள ஏன்?”

“நீ போடறதுக்கு முன்னால என் பக்கம் சரியா இருக்கணும்னு.”

உள்ளே போனாள். அப்புறம் சமையலறையிலிருந்து, “டீ குடிக்கிறியா?” என்று குரல் வந்தது.

குடிக்கிறியா.

ஏப்ரல் 28, திங்கள்

அந்த இடம் போய்விட்டது. அவளே போன் பண்ணிக் கேட்டிருக்கிறாள். அடுத்த ஆள் சேர்ந்து நன்றாக வேலை பார்க்கிறாராம். துறைத் தலைவி இவளை மறக்கவில்லை; குழந்தைகள் பிரிவில் ஒரு இடம் இருக்கிறது, ஒரு வருட ஒப்பந்தம், இரண்டாவது ஆள் எல்லாம் இல்லை, சாதாரண இடம்தான் என்றிருக்கிறார். விண்ணப்பம் போட்டுவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னாள்.

“உன்கிட்ட கேக்கணும்னு தோணல. நீதான் வர்றேன்னு சொல்லிட்டியே.”

நான் ஒழுங்காக இருந்திருந்தால் அந்தப் பெரிய இடம் அவளுடையது. அதை அவள் சொல்லிக்காட்டவே இல்லை, இதுவரை. ஒரு நாள் சொல்லிக்காட்டுவாள். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எதிரில் நான் இருப்பேன்.

மே 12, திங்கள்

கட்டளை உள்ளே போனது. வானிலைக்காரர்களின் குடித்தனம் மூன்று வீடு மாறியும் சாகவில்லை. நாலாவது வீட்டுக்கு மாற்றும் முன், “இந்தப் பெயர் எனக்குத் தெரியாது, நான் பழைய பதிப்பு, மாற்றும் முன் புதிய பதிப்பிடம் கேட்கவும்” என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அவர்கள் ஆள் முதுகில் தட்டினார்.

முள் எழுதியது ஒரே வார்த்தை: “சரி.” இத்தனை வருடத்தில் நிபந்தனை இல்லாத முதல் சரி.

மே 20, செவ்வாய்

அவளுக்கு வேலை உறுதி. ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். அவள் முதலில். ரிலீஸ் முடிந்ததும் நாங்கள். சட்டென்று வீடு முழுக்கப் பெட்டிகள்.

ஜூன் 1, ஞாயிறு

ஸ்டேஷனில் வழியனுப்பினோம். வண்டி நகர்ந்த பிறகும் குட்டி கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், வேறு யாரோ ஒரு பெட்டியிலிருந்து பதிலுக்கு ஆட்டினார்கள்.

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் காலி செய்கிற தேதியைச் சொல்லியாகிவிட்டது. அவள் இரண்டு தடவை கூப்பிட்டாள். அங்கே ஒரு பையன், கால் ஒடிந்து படுத்திருந்தவன், நேற்று இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரைக்கும் நடந்தானாம். அதைச் சொல்லும்போது மூச்சு வாங்கப் பேசினாள். அந்தக் குரலைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று.

குட்டி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றிய தட்டுகளை ஒன்றொன்றாகப் பெட்டியில் வைப்பதைப் பார்த்தாள். “அம்மா இனிமே இங்க வரமாட்டாங்களாப்பா?”

“மாட்டாங்க.”

முகம் சுருங்கிவிட்டது. அவசரமாகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். “நாமதான் அங்க போறோம். இருபத்தெட்டாம் தேதி.”

“நீங்களுமா?”

“நானும்.”

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் ஒரு பழைய துணியை எடுத்துக்கொண்டு, தன் சைக்கிளைத் துடைத்து வைக்க வாசலுக்குப் போனாள்.